சந்தையிலிருந்து அரியணைக்கு : சுல்தான் இல்துமிஷ்

நுழையும்முன்

ஒருவரின் தகுதியை அளக்கும் கோல் எது? பிறந்த குடியா, சேர்த்த செல்வமா, உழைத்துப் பெற்ற ஆற்றலா? இவ்வினா எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் எழுந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட ஒரு மன்னர், தம் வாழ்க்கையின் தொடக்கத்தில் விலைக்கு விற்கப்பட்டவர். சந்தையில் தமக்கு விலை பேசப்பட்டதைக் கண்ணால் கண்டவர். அவரே பின்னர் ஒரு பேரரசின் அடித்தளத்தை அமைத்தார். பிறப்பைவிட ஆற்றலே பெரிதெனத் தம் வாழ்வால் காட்டிய அம்மன்னர், அக்கொள்கையைத் தமக்குப் பின்னும் நிலைநாட்ட முயன்றார். அம்முயற்சி எய்திய வெற்றியையும் தோல்வியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புல்வெளியில் பிறந்தவர்

நடு ஆசியாவின் பரந்த புல்வெளிகளில் துருக்கிய இனக்குழுக்கள் பல வாழ்ந்தன. குதிரையே அவர்களது செல்வம்; கூடாரமே வீடு. அவற்றுள் இல்பாரி என்னும் குழுவின் தலைவர்களுள் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இல்துமிஷ். அவர் தந்தையின் பெயர் இலம்கான். இல்துமிஷின் வாழ்க்கையை நமக்கு அறியத் தருபவர், அவரது அரசவையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் உஸ் சிராஜ் ஆவார். அவர் இயற்றிய தபகத்-இ-நசிரி என்னும் பாரசீக நூல் 1260ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது.

அழகும் அறிவும் ஒருங்கே வாய்த்த இல்துமிஷிடம் தந்தை பேரன்பு கொண்டிருந்தார். அவ்வன்பே உடன்பிறந்தாரின் பொறாமைக்குக் காரணமாயிற்று. குதிரைக் கூட்டத்தைக் காட்டுவதாகக் கூறிச் சிறுவனைப் பெற்றோரிடமிருந்து அழைத்துச் சென்ற அவர்கள், அங்கே வந்திருந்த குதிரை வணிகன் ஒருவனிடம் அவனை விற்றுவிட்டனர். குதிரை பார்க்கச் சென்ற சிறுவன், குதிரைகளோடு சேர்த்து ஓட்டிச் செல்லப்படும் பொருளானான். அதன்பின் அவன் தன் தாய்தந்தையரைக் கண்டதாக வரலாறு கூறவில்லை.

புகாரா நகரத்துச் சிறுவன்

வணிகன் அச்சிறுவனைப் புகாரா நகருக்குக் கொண்டு சென்றான். அக்காலத்தில் புகாரா கல்விக்கும் சமயப் புலமைக்கும் பெயர்பெற்ற நகரம். அந்நகரின் தலைமைச் சமய அறிஞருடைய உறவினர் ஒருவர் சிறுவனை விலைக்கு வாங்கினார். அக்குடும்பத்தார் அவனை அன்புடன் நடத்தினர். எழுத்தும் சமய நெறியும் அவனுக்கு அங்கேதான் அறிமுகமாயின.

அந்நாள்களில் நிகழ்ந்த ஒன்றை இல்துமிஷ் மன்னரான பின்னும் மறக்கவில்லை. வீட்டாருள் ஒருவர் அவனிடம் காசு கொடுத்துத் திராட்சைப்பழம் வாங்கிவரக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். வழியில் காசு தொலைந்துபோயிற்று. வெறுங்கையுடன் திரும்பினால் என்ன நேருமோ என்னும் அச்சத்தில் சிறுவன் அழுதுகொண்டு நின்றான். அவ்வழியே வந்த துறவி ஒருவர் அவன் கையைப் பற்றி ஆறுதல் கூறினார்; தம் காசில் பழம் வாங்கிக் கொடுத்தார். செல்வமும் அதிகாரமும் கிட்டும் காலத்தில் எளியோரையும் இறையடியாரையும் மதிக்க வேண்டும் என்று அவனிடம் உறுதிமொழி பெற்றார். தாம் பெற்ற உயர்வுகள் யாவும் அத்துறவியின் அன்பினால் விளைந்தவை என்று இல்துமிஷ் பிற்காலத்தில் எண்ணிப் போற்றினார். ஒரு காசு தொலைந்ததற்காக நடுத்தெருவில் நின்று அழுத சிறுவனின் அச்சம், அரசாட்சியில் அவருக்கு ஆசானாக அமைந்தது எனலாம்.

விலை பேசப்பட்ட நாள்

பின்னர் வணிகர்களிடையே கைமாறிய இல்துமிஷ், ஜமாலுதீன் என்னும் வணிகரால் கஜினி நகருக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது கஜினி, கோரி மரபினரின் ஆட்சியில் இருந்தது. வடஇந்தியாவின்மீது படையெடுத்த முகமது கோரியே அங்குச் சுல்தானாக விளங்கினார்.

அக்காலத் துருக்கிய அரசுகளில் நிலவிய ஒரு வழக்கத்தை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். அரசர்கள், இளம்வயதினரை விலைக்கு வாங்கி, அவர்களுக்குக் குதிரையேற்றம், வில்வித்தை, வாட்பயிற்சி, மொழி, சமயநெறி ஆகியவற்றைக் கற்பித்தனர். ஆற்றல் மிக்கவர்களைப் படைத்தலைவர்களாகவும் மாநில ஆளுநர்களாகவும் உயர்த்தினர். உறவும் ஊரும் அற்ற அவ்விளைஞர்கள் தம்மை வாங்கிய அரசருக்கே முழுமையாகக் கட்டுப்பட்டிருப்பர் என்பது அவ்வழக்கத்தின் அடிப்படை. வயலிலும் வீட்டிலும் உழைத்து மடிந்த அடிமைகளின் நிலையினும் இவர்களின் நிலை மேம்பட்டதே. ஆயினும் தாயின் மடியிலிருந்து பிரிக்கப்பட்டு, தம் விருப்பம் கேட்கப்படாமலே விற்கப்பட்டவர்கள் இவர்கள். பின்னாளில் கிடைத்த பதவி, முதலில் இழைக்கப்பட்ட அநீதியை அறமாக மாற்றிவிடாது.

இல்துமிஷின் தோற்றமும் அறிவும் சுல்தானின் செவிக்கு எட்டின. இல்துமிஷுக்கும் அவருடனிருந்த மற்றோர் இளைஞருக்கும் பொற்காசுகளில் விலை பேசப்பட்டது. வணிகர் அவ்விலைக்கு உடன்படவில்லை. சினமுற்ற சுல்தான், கஜினியில் எவரும் அவர்களை வாங்கலாகாது என்று ஆணையிட்டார். சிறிது காலத்துக்குப்பின், கோரியின் படைத்தலைவரான குத்புதீன் ஐபக் இந்தியாவிலிருந்து கஜினிக்கு வந்தார். அவரும் இளமையில் அடிமையாக விற்கப்பட்டவரே. அவ்விருவரையும் வாங்க விரும்பிய ஐபக், சுல்தானிடம் ஒப்புதல் வேண்டினார். கஜினியில் வாங்குவதற்குத் தாம் விதித்த தடையை நீக்க விரும்பாத சுல்தான், வணிகரைத் தில்லிக்கு வரச்செய்து அங்கே வாங்கிக்கொள்ளுமாறு கூறினார். அவ்வாறே தில்லியில் அவ்விருவரும் ஒரு லட்சம் ஜிட்டல் காசுகளுக்கு வாங்கப்பட்டனர். எந்நகரில் விலைப்பொருளாக வந்து நின்றாரோ, அந்நகரின் அரியணையிலேயே பிற்காலத்தில் அமர்ந்தார் இல்துமிஷ்.

படிப்படியான உயர்வு

ஐபக்கிடம் இல்துமிஷ் முதலில் மெய்க்காப்பாளர்களின் தலைவராக அமர்த்தப்பட்டார். பின்னர் அரச வேட்டையை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. குவாலியர் கோட்டை ஐபக்கின் வசமானபோது, அதன் தலைவரானார். அடுத்து, இன்று புலந்த்சாகர் எனப்படும் பரன் பகுதியும், அதன்பின் பதாயூன் மாநிலமும் அவர் பொறுப்பில் வந்தன. இவ்வுயர்வுகளுள் எதுவும் பிறப்புரிமையால் வந்ததன்று. ஒவ்வொரு படியிலும் கொடுத்த பணியைச் செவ்வனே முடித்துக் காட்டிய பின்னரே அடுத்த படி அவருக்குத் திறந்தது.

1205-1206ஆம் ஆண்டுகளில் பஞ்சாப் பகுதியில் கோக்கர் இனத்தவர் கோரியின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்கச் சுல்தானே படைநடத்தி வந்தார். ஐபக்கின் படையில் இல்துமிஷும் பதாயூன் வீரர்களோடு கலந்துகொண்டார். ஜீலம் ஆற்றங்கரையில் போர் மூண்டது. எதிரிகள் ஆற்றினுள் இறங்கித் தப்ப முயன்றபோது, இல்துமிஷ் கவசம் பூண்ட குதிரையோடு நீருள் பாய்ந்து போரிட்டார். கரையிலிருந்து இதனைக் கண்ட சுல்தான், அவ்வீரர் யாரென வினவி அறிந்தார். அவரை அழைத்துச் சிறப்பாடை அளித்துப் பெருமைப்படுத்தினார். இல்துமிஷுக்கு விடுதலை ஆவணம் எழுதித்தருமாறு ஐபக்கிடம் கூறினார்.

இவ்வாறு இல்துமிஷ் சட்டப்படி விடுதலை பெற்றார். அவருடைய தலைவராகிய ஐபக்கே முறைப்படி விடுதலை பெற்றது கோரியின் மறைவுக்குப் பின்னர்தான். ஐபக் தம் மகளையும் இல்துமிஷுக்கு மணம் செய்து கொடுத்தார்.

அரியணையும் ஓர் ஆவணமும்

1206ஆம் ஆண்டு முகமது கோரி கொல்லப்பட்டார். ஐபக் லாகூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனியாட்சி நடத்தலானார். நான்கே ஆண்டுகளில், 1210இல், குதிரைமீதமர்ந்து பந்தாடும் சௌகான் என்னும் விளையாட்டின்போது கீழே விழுந்து அவரும் உயிரிழந்தார். லாகூரிலிருந்த பிரபுக்கள் ஆராம் ஷா என்பவரை அரியணை ஏற்றினர். அவரிடம் ஆளும் திறம் இல்லை எனக் கருதிய தில்லிப் பிரபுக்கள், பதாயூனிலிருந்த இல்துமிஷுக்கு அழைப்பு அனுப்பினர். தில்லிக்கு விரைந்துவந்த இல்துமிஷ், தம்மை எதிர்த்து வந்த ஆராம் ஷாவை வென்று 1211ஆம் ஆண்டு சுல்தானானார்.

அரியணை ஏறிய தொடக்கத்தில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா பதிவு செய்துள்ளார். சட்ட அறிஞர்களும் நீதிபதியும் சுல்தானைக் காண வந்தனர். அவரவர் தமக்குரிய இடத்தில் அமர்ந்தனர். எனினும் எவரும் வாய்திறக்கவில்லை. அடிமை ஒருவர் அரசராவதற்குச் சட்டம் இடம்தருவதில்லை. புதிய சுல்தான் விடுதலை பெற்றவரா என்பதே அவர்கள் கேட்கத் தயங்கிய வினா. அவர்தம் உள்ளக்குறிப்பை உணர்ந்த இல்துமிஷ், தாம் அமர்ந்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அதனடியிலிருந்த விடுதலை ஆவணத்தை எடுத்து நீட்டினார். அறிஞர்கள் அதனைப் படித்துப் பார்த்தபின் அவருக்குப் பணிவு தெரிவித்தனர்.

இச்செய்தி நுட்பமானது. கோட்டைகளை ஆண்டவர், போர்களில் வென்றவர், பிரபுக்களால் விரும்பி அழைக்கப்பட்டவர், அரசராகிய பின்னும் தாம் பிறர்க்குரிய பொருளல்லர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. அவ்வினா வரும் என்பதை எதிர்பார்த்தே ஆவணத்தை அவர் அருகில் வைத்திருந்தார் போலும்.

நான்கு புறமும் பகை

இல்துமிஷ் பெற்ற அரசு உறுதியான அரசன்று. கஜினியில் தாஜுதீன் யில்திஸ் என்பவர், கோரியின் உண்மையான வழித்தோன்றல் தாமே எனக் கூறித் தில்லியையும் தம் ஆட்சிக்கு உட்பட்டதாகக் கருதினார். சிந்து, முல்தான் பகுதிகளில் நசிருதீன் குபாச்சா தனியாட்சி நடத்தினார். இவ்விருவரும் கோரியிடம் அடிமைகளாயிருந்து உயர்ந்தவர்களே. கிழக்கே வங்காளம் கைவிட்டுப் போயிருந்தது. ராஜபுத்திர அரசர்கள் குவாலியர், ரந்தம்பூர் முதலிய கோட்டைகளை மீட்டுக்கொண்டனர்.

இந்நிலையில் இல்துமிஷ் காட்டிய பெருங்குணம் பொறுமை. யில்திஸ், தமக்குக் கீழ்ப்பட்ட ஆளுநருக்கு அனுப்புவதைப்போலக் கொற்றக்குடையும் கோலும் அனுப்பியபோது, இல்துமிஷ் அவற்றை மறுக்காமல் பெற்றுக்கொண்டார். அது தாழ்வு என்பதை அவர் அறியாதவரல்லர். எதிர்க்கும் வலிமை வாய்க்கும்வரை காத்திருத்தலே அறிவுடைமை எனக் கருதினார். சில ஆண்டுகளில் குவாரசம் நாட்டரசர் கஜினியைக் கைப்பற்ற, யில்திஸ் லாகூருக்கு ஓடிவந்து தில்லியைக் குறிவைத்தார். காலம் கனிந்ததென உணர்ந்த இல்துமிஷ், 1216ஆம் ஆண்டு தொடக்கத்தில் தராயின் போர்க்களத்தில் அவரை வென்று சிறைப்படுத்தினார். தில்லி, கஜினிக்கு அடங்கியது என்னும் பேச்சு அன்றோடு முடிந்தது.

சிந்துக்கரையில் வந்த சோதனை

1221ஆம் ஆண்டு, இல்துமிஷின் அரசியல் அறிவுக்குக் கடுஞ்சோதனை வந்தது. மங்கோலியப் பேரரசர் செங்கிஸ்கான் நடு ஆசியாவின் நகரங்களை அழித்துக்கொண்டே வந்தார். இல்துமிஷ் சிறுவனாக வாழ்ந்த புகாராவும் தீக்கிரையாயிற்று. குவாரசம் நாட்டு இளவரசர் ஜலாலுதீன் மங்கபர்னி, துரத்திவந்த மங்கோலியரைச் சிந்துநதிக்கரையில் எதிர்த்துத் தோற்றார். குதிரையோடு நதியில் பாய்ந்து மறுகரை சேர்ந்தார். பின்னர்த் தில்லியில் அடைக்கலம் கேட்டு இல்துமிஷுக்குத் தூது அனுப்பினார்.

அடைக்கலம் கேட்டு வந்தவர் அரச குடும்பத்தவர், தம் சமயத்தவர். அவரை ஏற்றால் செங்கிஸ்கானின் படை தில்லியை நோக்கித் திரும்பும். இளைய அரசு அத்தாக்குதலைத் தாங்காது. வலிமையும் புகழும் மிக்க இளவரசர் தில்லிக்குள் வந்தால், பிரபுக்கள் அவர்பக்கம் சாய்தலும் கூடும். அனைத்தையும் எண்ணிப் பார்த்த இல்துமிஷ், தில்லியின் தட்பவெப்பம் இளவரசரின் உடல்நலத்துக்கு ஒத்துவராது என நயமாகக் கூறி மறுத்துவிட்டார். செங்கிஸ்கான் சிந்துவைக் கடந்து தில்லிமீது படையெடுக்காமலே திரும்பினார். மங்கபர்னியும் 1224இல் இந்தியாவை விட்டு நீங்கினார். துன்புற்று வந்தவரைத் திருப்பியனுப்பியது இரக்கமற்ற செயல் என்பாரும் உளர். தில்லி மக்கள் பேரழிவிலிருந்து தப்பியதற்கு அம்முடிவும் ஒரு காரணம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

வெற்றிகளும் அழிவுகளும்

மங்கபர்னியின் படைகளால் குபாச்சாவின் வலிமை குன்றியிருந்தது. 1228ஆம் ஆண்டு இல்துமிஷ் உச் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். பக்கர் கோட்டைக்குத் தப்பிச்சென்ற குபாச்சா, சிந்துநதியில் மூழ்கி இறந்தார். இல்துமிஷின் மூத்த மகன் நசிருதீன் மகமூது, வங்காளத்தில் தனியாட்சி நடத்திய கியாசுதீன் இவாஸ் கல்ஜியை வென்று அப்பகுதியைத் தில்லியுடன் இணைத்தார். 1226இல் ரந்தம்பூரும், பதினொரு மாத முற்றுகைக்குப்பின் 1232இல் குவாலியரும் வீழ்ந்தன.

அக்காலப் போர்கள் வெற்றியைப் போலவே அழிவையும் கொண்டுவந்தன. 1234-1235ஆம் ஆண்டுகளில் மாளவத்தின்மீது படையெடுத்தபோது விதிஷா, உஜ்ஜயினி ஆகிய நகரங்கள் சூறையாடப்பட்டன; உஜ்ஜயினியின் புகழ்பெற்ற மகாகாலர் கோயில் இடிக்கப்பட்டது. நீதிக்குப் பெயர்பெற்ற மன்னரின் ஆட்சியில் நிகழ்ந்த இவ்வழிவையும் வரலாறு மறைப்பதில்லை. ஒருவரின் பெருமையைக் கற்கும்போது அவர்தம் குறையையும் உடன் கற்பதே நேரிய கல்வியாகும்.

1229ஆம் ஆண்டு, பாக்தாதிலிருந்து கலீஃபா அல்-முஸ்தன்சிரின் தூதர்கள், இல்துமிஷைச் சுல்தானாக ஏற்றுக்கொள்ளும் ஆவணத்தோடும் சிறப்பாடைகளோடும் தில்லிக்கு வந்தனர். நகர் முழுவதும் அணிசெய்யப்பட்டது. முன்பு விரிப்பின் அடியிலிருந்து ஓர் ஆவணத்தை எடுத்துக்காட்டித் தம் உரிமையை மெய்ப்பித்தவருக்கு, இப்போது உலகறிந்த மற்றோர் ஆவணம் தேடிவந்தது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வங்காளத்தை ஆண்ட மூத்த மகன் நசிருதீன் இறந்த செய்தி அவ்வாண்டே தில்லியை அடைந்தது.

ஆட்சி அமைப்பு

போர்களைவிட நெடுங்காலம் நிலைத்தவை இல்துமிஷ் செய்த ஆட்சிச் சீர்திருத்தங்கள். நாட்டை இக்தா எனப்படும் பகுதிகளாகப் பிரித்து, அவற்றின் வரியைத் திரட்டும் உரிமையைப் படைத்தலைவர்களுக்கு ஊதியமாக வழங்கினார். அவர்கள் அவ்வருவாயில் படைவீரர்களைப் பேணி, அரசர் அழைக்கும்போது அனுப்ப வேண்டும். நிலம் அவர்களுக்குச் சொந்தமாகாது. அரசர் விரும்பினால் அவர்களை வேறு பகுதிக்கு மாற்றலாம். இவ்வேற்பாடு பெரும்பரப்பை மைய ஆட்சியின் கீழ்க் கட்டிவைக்க உதவியது.

வெள்ளியாலான டங்கா, செம்பு கலந்த ஜிட்டல் ஆகிய நாணயங்களை அவர் முறைப்படுத்தினார். டங்கா ஏறத்தாழ 11 கிராம் எடையுடையது. பிற்கால ரூபாய்க்கு அது முன்னோடியாக அமைந்தது. ஒரு காலத்தில் தமக்கே ஜிட்டலில் விலை வைக்கப்பட்டதைக் கண்டவர், அதே ஜிட்டல் தம் ஆணைப்படி அச்சிடப்படுவதையும் கண்டார்.

லாகூருக்கு மாற்றாகத் தில்லி நிலையான தலைநகரானது அவர் காலத்தில்தான். மங்கோலியர் படையெடுப்புக்கு அஞ்சி ஓடிவந்த அறிஞர், கவிஞர், கலைஞர், கைவினைஞர் பலர் தில்லியில் வாழ்வு பெற்றனர். ஐபக் தொடங்கி முதல்நிலையோடு நின்றுபோன குதுப்மினாரின்மேல் மூன்று நிலைகளை எழுப்பினார் இல்துமிஷ். பின்வந்தோரின் பணிகளோடு இன்று ஏறத்தாழ 73 மீட்டர் உயரத்துடன் அது நிற்கிறது. நகர மக்களின் நீர்த்தேவைக்காக அவர் வெட்டிய ஹவுஸ்-இ-சம்சி என்னும் நீர்நிலை மெஹ்ரௌலியில் இன்றும் உள்ளது. இறந்த மகனுக்காக 1231இல் எழுப்பிய சுல்தான் காரி என்னும் கல்லறை மாளிகை, ஒரு தந்தையின் துயரத்துக்குச் சான்றாய் விளங்குகிறது.

வண்ண ஆடையும் நீதிமணியும்

இல்துமிஷின் நீதியுணர்வைப் பற்றியும் இபன் பதூதா குறிப்பிட்டுள்ளார். அக்காலத் தில்லி மக்கள் வெள்ளாடை அணிவதே வழக்கம். அநீதிக்கு ஆளானவர்கள் வண்ண ஆடை அணிந்து வருதல் வேண்டும் எனச் சுல்தான் ஆணையிட்டிருந்தார். வெண்மைக்கு நடுவே ஒரு நிறம் தென்பட்டவுடன், அவரை அழைத்துக் குறைகேட்டு நீதி வழங்குவார். இரவில் வருவோர் என்செய்வர் என்னும் எண்ணம் பின்னர் அவர்க்கு எழுந்தது. அரண்மனை வாயிலில் பளிங்குச் சிங்கங்கள் இரண்டினை நிறுவி, அவற்றின் கழுத்துச் சங்கிலியில் பெரிய மணியைக் கட்டச் செய்தார். குறையுடையோர் எந்நேரமும் அம்மணியை ஒலிக்கலாம். குரலற்ற சிறுவனாய்க் கடைத்தெருவில் அழுது நின்ற அனுபவம், குரலற்றோருக்கு நிறத்தையும் ஒலியையும் மொழியாக்கித் தந்தது.

மகளுக்கு அரசுரிமை

குவாலியர் முற்றுகைக்காகத் தில்லியை விட்டு நீங்கியபோது, தலைநகர ஆட்சியைத் தம் மகள் ரசியாவிடம் ஒப்படைத்தார் இல்துமிஷ். ரசியா அப்பொறுப்பைத் திறம்பட நிறைவேற்றினார். வெற்றியோடு திரும்பிய தந்தை, மகளின் ஆட்சித்திறம் கண்டு உவந்தார். தமக்குப்பின் ரசியாவே ஆள வேண்டும் என ஆவணம் எழுதுமாறு அரசவை அலுவலருக்கு ஆணையிட்டார்.

வளர்ந்த ஆண்மக்கள் இருக்கப் பெண்ணுக்கு அரசுரிமையா எனப் பிரபுக்கள் தடை எழுப்பினர். மைந்தர்கள் இன்பக் களியாட்டங்களில் மூழ்கியிருப்பதையும், ஆளும் ஆற்றல் அவர்களுள் எவரிடமும் இல்லாமையையும் இல்துமிஷ் எடுத்துக் கூறினார். தம் மறைவுக்குப் பின்னர் ரசியாவினும் தகுதியுடையார் எவருமிலர் என்பது புலப்படும் என்றும் உரைத்தார். பிறந்த குடியைக் கேளாமல் ஆற்றலை மட்டும் கண்டு தம்மை உயர்த்திய அளவுகோலையே, ஆணா பெண்ணா எனக் கேளாமல் தம் மகளுக்கும் அவர் பயன்படுத்தினார். அவர் வாழ்வின் உச்சம் இதுவே எனலாம்.

அளவுகோல் முறிந்த கதை

1236ஆம் ஆண்டு, வடமேற்கே படைநடத்திச் சென்ற வழியில் நோயுற்றுத் தில்லி திரும்பிய இல்துமிஷ், ஏப்ரல் இறுதியில் காலமானார். அவர்தம் ஆணையைப் புறந்தள்ளிய பிரபுக்கள், மகன் ருக்னுதீன் பிரோசை அரியணை ஏற்றினர். அவர் களியாட்டங்களில் பொழுதைக் கழிக்க, ஆட்சி அவருடைய தாய் ஷா துர்க்கானின் கைக்குச் சென்றது; நாடெங்கும் கலகம் மூண்டது. அந்நிலையில் ரசியா, தந்தை வகுத்த வழக்கப்படி, அநீதிக்கு ஆளானவர் அணியும் வண்ண ஆடையை உடுத்தி மக்கள்முன் தோன்றி முறையிட்டார். தில்லி மக்கள் அவர்பக்கம் திரண்டனர். ஏழு மாதங்கள் நிறைவதற்குள் ருக்னுதீனின் ஆட்சி முடிந்தது. ரசியா அரியணை ஏறினார். தந்தை எளியோர்க்கெனத் தந்த ஆடையே மகளுக்கு அரசைப் பெற்றுத் தந்தது.

ரசியா நான்கு ஆண்டுகளே ஆள முடிந்தது. அவரை வீழ்த்தியவர்கள், இல்துமிஷ் விலைக்கு வாங்கி வளர்த்துப் பெரும்பதவிகளில் அமர்த்திய துருக்கியப் பிரபுக்கள். நாற்பதின்மர் எனப் பிற்கால வரலாற்றில் பெயர்பெற்ற அவர்கள், தாம் ஏறிவந்த ஏணியில் மற்றவர் ஏறுவதை விரும்பவில்லை. துருக்கியரல்லாத யாகூத் என்னும் அபிசீனியருக்கு ரசியா உயர்பதவி அளித்ததை அவர்களால் பொறுக்க இயலவில்லை. 1240ஆம் ஆண்டு ரசியா பதவியிழந்தார், அவ்வாண்டே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டுகளில் இல்துமிஷின் வழியினர் சிலரை அப்பிரபுக்கள் அரியணையில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தனர்.

இல்துமிஷ் 1232ஆம் ஆண்டளவில் வாங்கிய பால்பன், 1266இல் தாமே சுல்தானானார். அவரும் இல்பாரி குழுவில் பிறந்து, மங்கோலியரிடம் சிக்கி, சந்தையில் விற்கப்பட்டவர். அத்தகையவர், அரசரானபின் தாழ்ந்த குடியில் பிறந்தோருக்குப் பதவி அளிக்க மறுத்தார் என வரலாற்றாசிரியர் பரணி எழுதியுள்ளார். ஆற்றலால் உயர்ந்தவரே பிறப்பைக் காட்டிப் பிறரைத் தடுத்தார்.

நிலைத்து நிற்பது

இல்துமிஷ் இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டார். சிதறிக் கிடந்த நிலப்பகுதிகளை ஓர் அரசாக்கினார். அவ்வரசுக்குத் தலைநகரும் நாணயமும் ஆட்சிமுறையும் தந்தார். தில்லிச் சுல்தானியத்தை உண்மையில் நிறுவியவர் என வரலாற்றாசிரியர் பலர் அவரைப் போற்றுவது இதனால்தான். எனினும் தம்மை விற்ற சந்தையை அவர் மூடவில்லை. அதே சந்தையில் தாமும் மனிதர்களை வாங்கினார். அவ்வாறு வாங்கப்பட்டவர்களே அவர் மகளின் உரிமையைப் பறித்தனர். ஒருவர் தம் உழைப்பால் உயர்வது பெருமை. அவ்வுயர்வுக்கான வழியைப் பிறர்க்கும் திறந்துவைப்பது அதனினும் பெரிய கடமை. முதலாவதை இல்துமிஷ் முழுமையாகச் செய்தார். இரண்டாவதை மகளின் பொருட்டுத் தொடங்கினார். அதனை நிறைவேற்ற அவர் காலம் இடம்தரவில்லை.

குதுப்மினாரின் அருகே, சிவந்த கல்லில் நுண்ணிய எழுத்து வேலைப்பாடுகள் நிறைந்த இல்துமிஷின் கல்லறை இன்றும் உள்ளது. அதன் கூரை எப்போதோ இடிந்துபோயிற்று. திறந்த வானமே இப்போது அதற்குக் கூரை. விலை வைக்கப்பட்ட ஒரு சிறுவன் பேரரசரானதை அக்கல்லறை நினைவூட்டுகிறது. எந்த மனிதருக்கும் விலை வைக்கலாகாது என்னும் அறத்தை அவ்வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்.

கற்பவை கற்றபின்

1. இல்துமிஷின் வாழ்வில் இடம்பெற்ற இரண்டு ஆவணங்களையும் ஒப்பிட்டு, அவை உணர்த்தும் கருத்தை எழுதுக.

2. மங்கபர்னிக்கு அடைக்கலம் மறுத்த இல்துமிஷின் முடிவு சரியா, தவறா? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. வண்ண ஆடை வழக்கம் ரசியாவுக்கு எவ்வாறு உதவியது? விளக்குக.

4. பிறப்பால் அன்றி ஆற்றலால் உயர்ந்த ஒருவர், தமக்குப் பின்வருவோருக்குச் செய்யவேண்டிய கடமைகள் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.